தலையைக் கையில் பிடித்தபடி ஒரு அட்மிஷன்

வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர்களைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இரண்டு வருட வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களின் அலட்டல்தான் தாங்க முடியாது. நான் அந்த இரண்டாம் வகை. கணவருக்கு நெதர்லாந்தில் புராஜெக்ட். முடிந்ததும் தாம்பரத்துக்கே திரும்புவதாக ஏற்பாடு. மகள் நிலாவுக்குப் பள்ளி பார்க்க நான் மட்டும் ஒரு வாரம் முன்னதாக ஊருக்கு வந்தேன்.

"பிரின்சிபால் சொல்றதைக் கேக்க நான் வரலை. குழந்தைங்ககிட்ட பேசணும். அங்கெல்லாம் அப்படித்தான்" என்பேன், போன இடமெல்லாம். (அங்கே டச்சு தெரியாமல் நான் ஒரு குழந்தையிடமும் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.) மாடம்பாக்கத்தில் ஒரு பிரின்சிபால் மிகுந்த மரியாதையோடு வாசல்வரை வந்து என்னை வழியனுப்பிவிட்டார்.

கடைசியாகப் பார்த்தது செம்பாக்கம் ஏரியை ஒட்டிய பள்ளி. சனிக்கிழமை மாலை. வானம் கறுத்துக்கிடந்தது.

"இன்னா மேடம், பசங்கல்லாம் மத்தியானமே வூட்டுக்குப் போய்ட்டாங்களே. இப்ப யாரைப் பாக்கப் போறீங்கோ?" என்றார் ஆட்டோக்காரர்.

உள்ளே கரண்ட் இல்லை. பிரின்சிபால் இன்னும் வரவில்லை. "குழந்தைங்க யாராவது இருக்காங்களா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"மாடில கடைசி ரூம்ல பசங்க நிக்கிறாங்கம்மா. போய்ப் பாருங்க."

மாடி வராந்தா நீளமாக, இருட்டாக இருந்தது. ஏரிக்காற்றில் எங்கோ ஒரு கதவு மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கடைசி அறையை எட்டிப் பார்த்தேன். மங்கிய வெளிச்சத்தில், சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பேச்சில்லை, அசைவில்லை. என்ன ஒழுக்கம்! பூரித்துப்போய் நெதர்லாந்துக்கு வீடியோ கால் போட்டேன்.

"நிலா, இங்க பாரு, உன் புது ஃபிரெண்ட்ஸ்!" கேமராவைத் திருப்பிவிட்டு அவர்களிடம் கேட்டேன்: "கண்ணுங்களா, இந்த ஸ்கூல் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

பதில் இல்லை. ஆங்கிலத்தில் கேட்டேன். அப்போதும் இல்லை.

"அம்மா," என்றாள் நிலா, "அவங்க ஏன் கண்ணையே சிமிட்டலை?"

கணவரின் குரல் கேட்டது. "ஏய், நீ மொதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வா."

நான் வருவேனா? முன்வரிசைப் பையனின் தலையை அன்பாகத் தடவினேன். சில்லென்று இருந்தது. அந்தத் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. பிறகு கழன்று என் கைக்கே வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அறையின் மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"பிடிச்சிருக்கு ஆன்ட்டி."

நான் போட்ட அலறல் திருநீர்மலைப் பெருமாளுக்கே கேட்டிருக்கும். ஒரு கையில் போன், மறு கையில் தலை. மாடிப்படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்த பிரின்சிபால் மேல் மோதித்தான் நின்றேன். அவர் கீழே விழுந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "மேடம், அதை இப்படிக் குடுங்க" என்று தலையை வாங்கிக்கொண்டார்.

துணிக்கடைப் பொம்மைகளாம். சீருடை அளவு பார்க்க வைத்திருக்கிறார்கள். பள்ளியில் எல்லோரும் அவற்றைப் 'பசங்க' என்றுதான் சொல்வார்களாம். நான் சீருடை பார்க்க வந்திருப்பதாக வாட்ச்மேன் நினைத்துவிட்டார். பிரின்சிபால் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சரி மேடம், அப்ப பதில் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "மாடில யாரும் இல்லையே." வாட்ச்மேன் டார்ச்சோடு போய், அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் இல்லை.

போனில் பேசியது நிலாதான் என்று கணவர் இன்றுவரை சாதிக்கிறார். "நான் பேசலைப்பா. எனக்கும் கேட்டுச்சு" என்கிறாள் அவள்.

வேடிக்கை என்னவென்றால், வேறு எந்தப் பள்ளிக்கும் அவள் சம்மதிக்கவில்லை. "அங்கதான் ஒருத்தி பிடிச்சிருக்குன்னு சொன்னா" என்று ஒரே அடம். அங்கேயேதான் படிக்கிறாள்.

இப்போதும் விருந்தாளியிடம் நான் "சாம்பார் எப்படி?" என்று கேட்டால் போதும், கணவர் பின்னாலிருந்து கீச்சுக்குரலில் "பிடிச்சிருக்கு ஆன்ட்டி" என்பார். நான் கரண்டியோடு துள்ளுவேன், வீடே சிரிக்கும்.

நிலா மட்டும் சிரிப்பதில்லை. சாப்பிட்டபடியே அப்பாவைத் திருத்துவாள்.

"அப்படி இல்லப்பா. அவ இன்னும் மெதுவாப் பேசுவா."