டிரவுட் ஓடைக்குப் போகும் வழி

"என்னங்க, இந்தப் பாலத்தை நாம ஏற்கெனவே தாண்டிட்டோம்."

"இது வேற பாலம்."

"அதே பாலம்தான். அதே மாடு. போன தடவையும் உங்களை இப்படித்தான் முறைச்சுது."

மேலாளர் வண்டியை நேராகவே விட்டார். அலுவலகத்தில் அவர் வழி தவறினால் மற்றவர்கள்தான் வழியை மாற்றிக்கொள்வார்கள். இங்கே அந்த வசதி இல்லை. தலையில் இறகு செருகிய தொப்பி, தொடை வரை ரப்பர் பூட்ஸ், பின் இருக்கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தூண்டில். எல்லாம் தயார். டிரவுட் மீன் துள்ளும் ஓடை மட்டும்தான் பாக்கி.

கடற்கரைக்குப் போகலாம் என்ற குடும்பத்தை, "டிரவுட் பிடிச்சுக் காட்டறேன் பாருங்க" என்று இந்த மலையடிவாரத்துக்கு இழுத்து வந்தவர் அவர்தான். நாளைக் காலை ஊர் திரும்ப வேண்டும். மனைவி நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு ஒரு மீனாவது வீட்டுக்கு வரலைன்னா, இனிமே லீவுக்கு எங்க போறதுன்னு என் தம்பிதான் முடிவு பண்ணுவான்."

மச்சினன் போன முறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனது டைல்ஸ் கண்காட்சிக்கு.

வண்டியை நிறுத்தி, பெட்ரோல் போடுகிறவரிடம் வழி கேட்டார்.

"டிரவுட்டா? சரியான ஆளுகிட்டதான் கேட்டீங்க! மாவு மில்லுக்குப் பின்னாடி ஓடை. கையை விட்டா மீன். போறதுதான் போறீங்க, இந்த மெஷின் பெல்ட்டை மில்காரம்மாகிட்ட கொடுத்துடுங்க சார். ரொம்பப் புண்ணியமாப் போகும்."

மேலாளர் உருகிப்போனார். "பாத்தியா? நம்ம பேரைக்கூடக் கேக்கலை. நம்பி ஒரு பொருளைக் கொடுக்கறார். நம்ம ஆபீஸ்ல என்னை நம்பி ஒரு ஸ்டேப்ளர் கொடுப்பாங்களா?"

"கொடுத்தது நம்ம வீட்லதானே இருக்கு?"

மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு பள்ளமும் அதில் ஒரு செருப்பும் கிடந்தன.

"அடடா, மீனெல்லாம் இப்பதான் மேல ஏறிப் போச்சுங்க," என்றாள் மில்காரம்மா, பெல்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "வாத்தியார் வீட்டுக்கிட்ட இருக்கும்."

"நீரோட்டத்துக்கு எதிரா ஏறறது டிரவுட்டோட குணம்," என்று மேலாளர் மனைவிக்கு விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் டிக்கியில் இரண்டு மாவு மூட்டைகளும், மனைவியின் மடியில் ஒரு தட்டு முட்டையும் ஏறியிருந்தன.

"வாத்தியார் வீட்டுலயே இறக்கிடுங்கம்மா. நீங்க நல்லா இருக்கணும்!"

வாத்தியார் முட்டையை எண்ணாமலே வாங்கிக்கொண்டு கைகூப்பினார். "மீன் இங்கதான் இருந்துச்சு சார். பள்ளிக்கூடத்துச் சத்தம் அதுக்கு ஆகலை. மாட்டாஸ்பத்திரிப் பக்கமா ஒதுங்கிடுச்சு. அப்படியே இந்த ஆட்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன். காலையில இருந்து தண்ணிகூடத் தொடலை."

தண்ணீர் தொடாத ஆடு, வண்டி வளைவில் திரும்பும்போது தொப்பியின் இறகைத் தின்றது. அடுத்த வளைவில் தொப்பியைத் தின்றது.

"பாவம், பசி," என்றார் மேலாளர், மொட்டைத் தலையைத் தடவியபடி. "எவ்வளவு நல்ல ஜனங்க! ஆட்டையே நம்பி அனுப்பறாங்க."

"ஆட்டை நம்பித்தான் நம்மளை அனுப்பியிருக்காங்க," என்றாள் மனைவி.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆட்டை இறக்கிக்கொண்டு, மேலாளரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். மேலாளர் ஓடையைப் பற்றிக் கேட்பதற்குள், பக்கத்துப் பட்டறையிலிருந்து ஊர் முடிதிருத்துபவர் ஓடி வந்தார். "ஓடை என் கடை வாசல்லயே ஓடுது சார், வாங்க காட்டறேன்!" அவர் முன்னால் ஏறிக்கொண்டார், மனைவி பின்னால் போனாள். அவருடைய பழுதுபார்த்த சுழல் நாற்காலி வண்டியின் தலைமேல் கட்டப்பட்டது. போகிற வழியெல்லாம் அது காற்றில் சுற்றிக்கொண்டே வந்தது.

கடை வாசலில் ஓடியது ஒரு குழாயின் கசிவு.

மேலாளர் நடைபாதை ஓரமாக, பூட்ஸோடு உட்கார்ந்துவிட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்முன்னே வரிசை வரிசையாக டைல்ஸ்.

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் மாவு, புடவையெல்லாம் ஆட்டு முடி. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. "கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு இத்தனை பேர் நன்றி சொன்னதே இல்லைங்க. எந்தக் கடல்ல கிடைக்கும் இது? விடுங்க, தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து முடிதிருத்துபவர் உள்ளேயிருந்து ஈரக் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பிரித்தால், புள்ளி புள்ளியாகப் பளபளக்கும் இரண்டு டிரவுட்!

"இந்த உதவியைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்யா!" மேலாளர் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இதை எந்த ஓடையில பிடிச்சீங்க?"

"ஓடையா? இது டவுன் மார்க்கெட் மீன் சார். நேத்து உங்களை மாதிரியே ஒருத்தர் வந்தார், அவர் வண்டியில போய் வாங்கிட்டு வந்தேன்," என்றார் முடிதிருத்துபவர், நாற்காலியின் கட்டை அவிழ்த்துக்கொண்டே. "ஊருக்கு வந்துட்டிருந்த ஒரே பஸ்ஸை நிறுத்தினப்ப திண்டாடிப் போயிட்டோம், இங்க டிரவுட் இருக்குன்னு ஊர் கூடி ஒரு விளம்பரம் போட்டோம் பாருங்க, கடவுள் புண்ணியத்துல அன்னையிலேருந்து வண்டிக்குக் குறைச்சலே இல்லை!"