எபினேசருக்குப் பயமே வரவில்லை

பேய்க்கதை படிப்பவர்களில் பல வகை உண்டு. படித்துவிட்டு வாய்விட்டு அலறுகிறவர்கள், போர்வைக்குள் புகுந்துகொண்டு ஒற்றைக் கண்ணால் படிக்கிறவர்கள், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி யார் யார் பிழைத்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே முதல் பக்கத்துக்கு வருகிற விவரமானவர்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நாம் பார்க்கப்போவது வேறோர் இனம். பயமே வராதவர்! ஊருக்கு ஒருவர் இருப்பார், வாட்ஸ்அப் குழுவுக்கு ஒருவர் இருப்பார், கம்பெனி பஸ்ஸுக்கும் ஒருவர் இருப்பார். நம்முடையவர் மண்ணூரில் ஏறுகிறார். பெயர் எபினேசர்.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். காலையிலிருந்து மாலைவரை கையில் எடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகம் சுளித்து, சிவப்புப் பெட்டியில் போடுவதுதான் வேலை. இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பேய்க்கதையைக் கொடுத்தால் என்ன செய்வார்? அதேதான் செய்வார்.

அந்த பஸ்ஸில் வருபவர்கள் ஒரு வாசிப்புக் குழு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஒரு திகில் கதை குழுவில் போடப்படும், திங்கட்கிழமை பஸ்ஸில் விவாதம். மலையுச்சி மாளிகை, தானாக இசைக்கும் பியானோ, சுவரில் இருந்துகொண்டு கண்ணைத் திருப்பும் மூதாதையர் படம் என்று மற்றவர்கள் வெலவெலத்துப் போய்ப் பேசிக்கொண்டிருக்கும்போது, எபினேசர் முதலில் ஒரு கொட்டாவி விடுவார். அப்புறம் ஆரம்பிப்பார்.

"இன்னாப்பா இது, பயமே வரல. அம்மாம் பெரிய பங்களா, ஒரு வாட்ச்மேன் கெடையாதா? கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத வூட்ட எவன் வாடகைக்கு எடுப்பான்? மூணாவது பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, சமையக்காரிதான் பேயின்னு."

சமையல்காரி பேயாக இருந்ததே இல்லை. அது வேறு விஷயம்.

கதை படித்த வாரங்களில் அவர் குளியலறைக் கதவைத் தாழ்போடாமல் குளிப்பார். காற்றோட்டத்துக்காக. மனைவி கிளாராவை வெளியே நிற்கவைத்து, குளித்து முடிக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்வார். அது தாம்பத்திய அன்பு. கட்டிலுக்கு வெளியே காலை நீட்டாமல் சுருட்டிக்கொண்டு படுப்பது மூட்டுவலியால். பயம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இடமே இல்லை.

இந்த நிலையில்தான் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெனிட்டா தானே ஒரு கதை எழுதிக் குழுவில் போட்டாள். டீ இடைவேளைகளில் கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதியது, பாவம், முதல் கதை. எல்லோரும் அலறும் முக எமோஜிகளாக அனுப்பித் தள்ளினார்கள். ஆனால் கேன்டீன் சாம்பாருக்கும் இவர்கள் அதே முகத்தைத்தான் அனுப்புகிறார்கள் என்பதால், அவளால் அதை நம்ப முடியவில்லை. 'எபி அண்ணா பயந்தாதான் அடுத்த கதை. இல்லன்னா இதையும் அழிச்சிட்டு, எழுதுறதையே வுட்டுட்றேன்' என்று எழுதிவிட்டாள். ஒரு பெண்ணின் எழுத்து வாழ்க்கை முழுவதும் இப்போது ஒரு தரப் பரிசோதகரின் கையில்.

கதையில் மாளிகை இல்லை, பியானோ இல்லை. ஒரு கம்பெனி பஸ். முதல் ஆளாக ஏறுகிற ஒருவர், காலியான பஸ்ஸில் தன் வழக்கமான சீட்டில் உட்காருகிறார். சீட் சூடாக இருக்கிறது. தினமும் சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் கதை.

எபினேசர் அதை ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு படித்தார். படித்துவிட்டுக் கிளாராவிடம், "நீ கொஞ்சம் இங்கயே குந்து" என்றார்.

மறுநாள் காலை, சுள்ளென்று வெயிலடிக்கும் ஏழரை மணிக்கு, மண்ணூரில், வழக்கம்போல முதல் ஆளாக, காலி பஸ்ஸில் ஏறினார். கம்பெனி பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்று எழுதி ஒட்டியிருக்காது. ஆனாலும் அடுத்தவர் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அவருடையது மூன்றாவது வரிசை ஜன்னலோரம். ஆறு வருடமாக அதில் பொத்தென்று விழுந்து தூங்கிப் போகிறவர், இன்றைக்கு நின்றார். குனிந்தார். புறங்கையால் சீட்டைத் தொட்டார்.

சூடாக இருந்தது.

"இன்னா சார் தேடுற?" என்றார் டிரைவர் கன்னியப்பன், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"சீட்டு சூடா கீதுப்பா."

"நைட் ஷிப்ட் ஆளு இப்பதான் சார் எறங்கிப் போனான். டெய்லி அப்டித்தான் கீது."

எபினேசருக்கு அது புரிந்தது. தரக்கட்டுப்பாட்டு மூளைக்கு நூற்றுக்கு நூறு புரிந்தது. ஆனால் அந்த மூளை சொன்ன சமாதானம் உட்காரவேண்டிய இடம்வரை இறங்கி வரவில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அடுத்தடுத்த நிறுத்தங்களில் பஸ் நிரம்பியது. கடைசியாகப் பெனிட்டாவும், ஹவுஸ்கீப்பிங் பாஞ்சாலியும் ஏறினார்கள். பெனிட்டா நேராக அவரிடம் வந்தாள். "படிச்சீங்களாண்ணா?"

'பயந்துட்டேன்' என்று ஒரு சொல் போதும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த எவரும் சொல்லியிருப்பார்கள். நம்மவர் கொட்டாவி விட்டார்.

"படிச்சேம்மா. பயமே வரல."

அவள் கண் கலங்கிவிட்டது. கதையை அழிக்கக் கைப்பேசியை வெளியே எடுத்தாள்.

"இரு பாப்பா," என்றாள் பாஞ்சாலி. "ஏண்ணா, சீட்டு சும்மாதானே கீது? நீ ஏன் நின்னுகினு வர?"

"காலு மரத்துப்போச்சி. டாக்டர் நிக்க சொல்லிக்கிறாரு."

"அட, நீ குந்தலன்னா நான் குந்திக்கிறேன்," என்று பாஞ்சாலி கையை ஊன்றப்போனாள்.

"யக்கா, வோணாம்! தொடாத!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எபினேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தூசியா கீது," என்றார்.

பெனிட்டா சீட்டைப் பார்த்தாள். கம்பியில் வெளுத்துப்போயிருந்த அவர் விரல்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஜன்னலோர சீட்டில் தானே போய் உட்கார்ந்தாள். கதையை அழிக்கவில்லை. எழுத ஆரம்பித்தாள்.

ஒரகடம் வரை நின்றே வந்த எபினேசர், இறங்கும்போது பெருந்தன்மையாகக் கேட்டார்: "இன்னாம்மா, அடுத்த கதையா? எதப் பத்தி?"

"பஸ்ஸுல நின்னுகினு வர்றவங்களப் பத்திண்ணா. அவங்க பிடிச்சிருக்கிற கம்பிய, மேலேருந்து இன்னொரு கையும் பிடிச்சிருக்கும்."

அன்று மாலை ஐந்தரைக்கு எபினேசர் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். காற்றோட்டத்துக்காக.

போகட்டும், அவரை விடுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மெல்ல ஒரு தரம் தொட்டுப் பார்த்தீர்களே, எதற்கு? தூசியா?