கன்னியப்பன் ஆஜர்

எங்கப்பாவை நிம்மதியாகச் சாகவிடாமல் கெடுத்த முட்டாள் நான்தான். அதுவும் கோர்ட்டில், ஜட்ஜ் முன்னால்.

அப்பா கன்னியப்பன் கடலுக்குப் போன மூன்றாம் நாள், எண்ணூர் பக்கம் படகு மட்டும் மிதந்து வந்தது. வலை இருந்தது. சோற்று டப்பா திறக்காமல் இருந்தது. அவர் இல்லை. உடம்பு கிடைக்காதவன் செத்தவன் இல்லையாம். ஏழு வருஷம் தகவலே இல்லாமல் இருந்தால்தான் செத்ததாக எடுத்துக்கொள்வார்களாம். கடலில் போனவனுக்கு எதற்கு ஏழு வருஷம் என்று வக்கீல்களே இரண்டு கட்சியாக நின்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். (வாதாடட்டும். அவங்க வூட்டு ஆளா காணாம போனான்?) ஏழு வருஷம் முடிந்த கையோடு படகு லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால், படகு யார் பேரில் இருக்கிறதோ அவரே வந்து கையெழுத்துப் போடணும் என்றார்கள். எங்கிருந்து வருவார்? படகு ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. அப்பா செத்துவிட்டார் என்று கோர்ட் சொல்லியே ஆக வேண்டும்.

கேஸ் போட்டோம். 'உயிரோடு இருந்தால் இந்தத் தேதியில் ஆஜராகவும்' என்று பேப்பரில் விளம்பரமும் போட்டோம். "அன்னிக்கு அவர் பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க. யாரும் வரமாட்டாங்க. அவ்வளவுதான்" என்றார் எங்கள் வக்கீலம்மா.

அந்தத் தேதியில் கோர்ட் டவாலி வாசலில் நின்று கூவினார்.

"கன்னியப்பன்!"

சளசளவென்றிருந்த கூட்டம் அடங்கியது. எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

"கன்னியப்பன்!"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். என் கழுத்தில் ஈரக்காற்று பட்டது. (அந்த ஹாலில் ஃபேன் ஓடவில்லை.)

"கன்னியப்பன்!"

"ஓய்! இங்க கீறேன்!"

கரகரவென்று அப்பாவின் குரல். வந்துவிட்டாரா என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசிமேட்டு ஏலத்தில் எங்கள் மீன் கூடையை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஏழு வருஷமாக அவருக்குப் பதில் நான்தான் அவர் மாதிரியே 'ஓய்' என்று குரல் கொடுக்கிறேன். ஏலம் எது, கோர்ட் எது என்று வாய்க்குத் தெரியுமா?

"யாரு கன்னியப்பன்? முன்னால வாங்க" என்றார் ஜட்ஜ்.

"நான் அவரு புள்ளைங்கய்யா. அவரு செத்துட்டாரு."

"அப்ப இங்க இருக்கேன்னு சொன்னது யாரு?"

"அவரு... நான்தாங்கய்யா."

வக்கீலம்மா என் காதில் சீறினார்: "மாசக்கணக்கா அவரைச் சாகடிக்கப் பாடுபடறேன். ஒரே கத்துல எழுப்பிட்டியே, பாவி!"

ஜட்ஜ் அம்மாவைக் கேட்டார். "உங்க புருஷன் வந்திருக்காராம்மா?"

அம்மா இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொரலு அவர்துதாங்கய்யா. ஆளத்தான் காணோம்."

அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மறுபடி விளம்பரம், மறுபடி தேதி. மூன்று மாதம் படகு கரையில் கிடந்தது.

அடுத்த முறை என்னை எதிர் டீக்கடையில் நிறுத்திவிட்டு அம்மா மட்டும் உள்ளே போனாள். மூன்று முறை கூப்பிட்டார்களாம். யாரும் ஓய் சொல்லவில்லை. அப்போதுதான் அம்மா அழுதாளாம், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.

தீர்ப்பு வந்தது. படகு என் பேருக்கு மாறியது. ஆனால் நான் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் இன்றும் உள்ளேயிருந்து அம்மாவின் கேள்வி வரும்: "யாரு? உசுரோட கீறவனா, கோர்ட்ல செத்தவனா?"

என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"உசுரோட கீறவன்தாம்மா."

"ஓ, நீதானா" என்று தாழ்ப்பாளைத் திறப்பாள். அந்த 'நீதானா'வில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும்.