தீத்து ஓட்டிய ஜீப்

ஒரே ஒரு நாவலை வாசித்துவிட்டு, அதை வைத்து ஒரு மாநகரத்தையே கலங்க அடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை நாங்கள் கர்னல் என்று கூப்பிட்டோம்.

கர்னல் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் எந்தச் சரக்கு வேகன் எங்கே நிற்கிறது, எங்கே போக வேண்டும் என்று பார்க்கிற வேலை. சொந்த ஊர் தமிழ்நாட்டின் தென்கோடியில், நாசரேத் பக்கம். நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய ராணுவக் கோட்டு ஒன்று வைத்திருந்தார். அதன் மார்பில் யாரோ ஒரு சிங்கின் பெயர் தைத்திருக்கும். கல்கத்தாவில் குளிர் லேசாக எட்டிப் பார்த்தால் போதும், அந்தக் கோட்டுக்குள் புகுந்துவிடுவார். பங்குனி வெயில் அடித்துத் துரத்தினால்தான் வெளியே வருவார். கோட்டின் உள்பையில் அந்த நாவல் இருக்கும்.

கனத்த அமெரிக்க நாவல். எழுதியவர் பெயரை நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. யோசுவா என்று ஒரு கேப்டன். சட்டைப் பையில் வேதபுத்தகம், இடுப்பில் துப்பாக்கி. எதிரிகள் பாலைவனத்தில் எங்கோ ஒரு பயங்கரக் குண்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது வெடிப்பதற்குள் கேப்டன் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்னும் மணலில் முழங்கால் போட்டு ஜெபம் செய்வார். அவருக்கு ஒரு ஜீப். ஜீப்புக்கு ஒரு டிரைவர், பெயர் தீத்து. ஆங்கிலத்தில் டைட்டஸாம். கர்னல் கதையில் வரும் அத்தனை பேருக்கும் தமிழ் வேதாகமத்திலிருந்து பெயர் எடுத்துச் சூட்டிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பாலக்காட்டு மணி அண்ணன் நடத்திய மெஸ்ஸில் சாப்பாடு, அதன் மாடியில் ஜாகை. அறைத் தோழன் வெங்கட்டுக்கு மத்திய அரசில் கணக்குத் தணிக்கை வேலை. சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காய் நியாயமான அளவில்தான் இருக்கிறதா என்று கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கர்னல் தமிழ் ஆராதனை முடித்துவிட்டு லேக் மார்க்கெட்டுக்கு வருவார். காப்பித்தூள், நல்லெண்ணெய், கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி அவர் மனைவி அனுப்பியிருப்பார். வாங்கி முடித்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? நேராக மெஸ்ஸுக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்வார். நாவலை மடியில் வைத்து, கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர் மாதிரி அதன் மேல் கையை வைத்துக்கொள்வார்.

"எலே தம்பிகளா, போன வாரம் எங்கன விட்டேன்?"

"ஜீப் டயர் பஞ்சர் சார்."

"ஆங்! தீத்து கீழ எறங்குதான். சுத்திமுத்தும் பாக்கான். ஒரே மணலு..."

அவ்வளவுதான். கறிவேப்பிலை வாடி, சுருண்டு, கறுத்துப் போகும்வரை கதை நடக்கும். வெங்கட் ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தான்.

"சார், புக்கைக் குடுங்க. நாங்களே படிச்சுக்கறோம்."

"இங்கிலீசுல வாசிச்சா ருசி போயிரும்டே. நான் சொல்லுதேன், நீ கேளு."

கேப்டன் ஜெபம் செய்யும்போது யாரும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். மெஸ்ஸில் ஒரு கிறிஸ்தவர்கூடக் கிடையாது. ஆனாலும் கர்னல் கண்ணை மூடினால் எல்லாரும் மூடியாக வேண்டும். மணி அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு, ஜாரணிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்பின் முன் கண்மூடி நிற்பார். "ஆமென்" என்று கர்னல் முடிப்பதற்குள் போண்டா கருகியிருக்கும். "கேப்டனோட வேண்டுதல சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க சார், எண்ணெய் காயறது" என்று ஒருநாள் கெஞ்சினார். கர்னல் ரொம்ப யோசித்துவிட்டு, "எதிரி தூரத்துலதான் வாரான். சரி, சின்ன ஜெபம் போதும்" என்று இறங்கி வந்தார்.

தமிழர்களோடு விட்டாரா என்றால் இல்லை. ராஷ்பிஹாரி அவென்யூவில் போகிற டிராமில் ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெரியவருக்குத் தன் அரைகுறை வங்காளத்தில் கதை சொல்லியிருக்கிறார். கதை உச்சத்துக்கு வந்ததும் எழுந்து நின்று, "சீட்டேர் நீச்சே போமா!" என்று கத்திவிட்டார். சீட்டுக்கு அடியில் குண்டு! டிராம் நிற்கும்வரைகூட யாரும் காத்திருக்கவில்லை. கண்டக்டர்தான் முதலில் குதித்தாராம். போலீஸ்காரர் வந்து கர்னலின் தோளைப் பிடித்து என்ன விஷயம் என்று அதட்டினார். கர்னல் முதல் அத்தியாயத்திலிருந்து விளக்க ஆரம்பித்தார். நாங்கள் செய்தி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, போலீஸ்காரர் பாதையோரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "தார்பொர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன ஆச்சு?

அப்புறம் என்ன ஆச்சு என்பதுதான் எங்களுக்கும் பிரச்சினை. வாரம் போகப் போக, கதையில் கேப்டன் யோசுவா இளைத்துக்கொண்டே வந்தார். தீத்து வளர்ந்துகொண்டே வந்தான். முதலில் வண்டி மட்டும் ஓட்டினான். பிறகு ரேடியோவைப் பழுது பார்த்தான். ஒற்றனைப் பிடித்தான். மணற்புயலில் வழி கண்டுபிடித்தான். கேப்டன் பின் சீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்வதோடு சரி. ஒரு வாரம் தீத்து பாலைவனத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தான்.

வெங்கட்டுக்குப் பொறுக்கவில்லை. "சார், அமெரிக்காக்காரனுக்குக் கருவாடு ஏது?"

கர்னல் அசரவில்லை. "அவங்க அம்ம குடுத்து விட்டிருப்பாடே. பிள்ள பட்டாளத்துல என்னத்தத் திங்கான்னு அவளுக்குக் கவல இருக்கும்லா?"

நாங்கள் சிரித்து உருண்டோம். ஆனால் அடுத்த ஞாயிறு ஒருவர்கூட வெளியே போகவில்லை. மின்சாரம் போனாலும் விசிறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேட்னி சினிமாவுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தவன்கூட அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கேப்டன் செத்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை. தீத்துவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

பூஜா விடுமுறை முடிந்து, லேசாகக் குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு வெங்கட் ஒரு பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். முந்தின வாரம் கர்னல் கோட்டைக் கழற்றியபோது நாவல் கீழே விழுந்து, அட்டை போட்டிருந்த காலண்டர் தாள் விலகியதில் தலைப்பைப் பார்த்திருக்கிறான். கல்லூரித் தெருப் பழைய புத்தகக் கடைகளை அலசி இன்னொரு பிரதியைப் பிடித்துவிட்டான். கர்னல் வந்து உட்கார்ந்து, "எங்கன விட்டேன்?" என்று கேட்டதும் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"சார், மூணாவது அத்தியாயத்துலயே ஜீப் பள்ளத்துல உருண்டு தீத்து செத்துப் போயிட்டான். அதுக்கப்பறம் புக் முழுக்க அவன் பேரே கெடையாது. இத்தன நாளா எங்களுக்கு என்ன கதை சார் சொன்னீங்க?"

பெஞ்சே ஆடுகிற மாதிரி சிரிப்பு. மணி அண்ணன் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "அப்போ கருவாடு?" என்று யாரோ கேட்க, மறுபடி சிரிப்பு.

கர்னல் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அந்தப் புத்தகத்தைத் தொடவும் இல்லை.

"அப்படியா போட்டிருக்கு?" என்றார்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாரேன் தம்பிகளா." அன்றைக்குக் கறிவேப்பிலை வாடாமல் வீடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. முதலில் கிண்டல் செய்தோம். பிறகு மெஸ்ஸில் ஞாயிறு மத்தியானம் என்பது என்ன செய்வதென்று தெரியாத ஒரு பொழுதாகிவிட்டது. மணி அண்ணன் பதமாகப் பொன்னிறத்தில் போண்டா போட்டார். யாருக்கும் அது பிடிக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வந்துரலாம்டா" என்று வெங்கட்டே சொன்னான். நானும் அவனும் ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து சாந்த்ராகாச்சிக்குப் போனோம்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் மனைவி மட்டும் இருந்தார். கர்னல் டியூட்டிக்குப் போயிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் அந்த அக்காவின் முகம் மலர்ந்தது.

"மெஸ்ஸுத் தம்பிகளா? உங்களாலதான் எனக்கு வாராவாரம் காஞ்ச கறிவேப்பில" என்று சிரித்தபடி டீ கொண்டு வந்து வைத்தார். வெங்கட் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னான். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பட்டாளத்துக்குப் போவணும்னு ஆச இவுகளுக்குத்தான் தம்பி. பாதம் தட்டயா இருக்குன்னு சேக்கல. அந்த ஏக்கத்துல கூடப்பொறந்த தம்பியக் கூட்டிட்டுப் போயி ஆளெடுக்குற வரிசையில நிப்பாட்டுனாக. பேரு செல்வின். அவனுக்கு அதுல பெரிசா இஷ்டமில்ல. அண்ணன் சொல்லுக்காகப் போனான். டிரைவரா எடுத்துக்கிட்டாங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. மல ரோட்டுல வண்டி உருண்டுட்டு. அவ்வளவுதான்."

வெங்கட் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"இந்தப் புஸ்தகத்த வாங்கிட்டு வந்த அன்னைக்கு என்ன சந்தோசமா வாசிச்சாக தெரியுமா? பட்டாளமும் உண்டு, ஜெபமும் உண்டுன்னு. திடீர்னு மூடிட்டாக. மறுநாள் சோத்தப் பசையாக் குழச்சு அந்த எடத்துத் தாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டாக. அதுக்கு அப்புறந்தான் உங்ககிட்ட கத சொல்ல ஆரம்பிச்சாக. ஞாயித்துக்கெழம அங்க வந்துட்டுத் திரும்பினா ராத்திரி நல்லாத் தூங்குவாக, தம்பி."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கர்னல் வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். பிறகு உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், மீன் விலையைப் பற்றிப் பேசினார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெங்கட்தான் தாங்காமல், "சார், இந்த வாரம் வாங்க. நீங்க கதைய விட்ட எடத்துலயே தீத்து கெணத்தடியில தனியா நிக்கறான். எல்லாரும் காத்துட்டு இருக்கோம்" என்றான்.

"இல்லடே. புஸ்தகத்துல உள்ளதுதான் கத. நீ சொன்னதுதான் சரி."

"நான் சொன்னது தப்பு சார்."

"தப்பு என்னத்துக்கு? எனக்கும் தெரியுமே." கர்னல் ஷூவின் நாடாவை அவிழ்த்தபடி தரையைப் பார்த்துச் சொன்னார். "சொல்லச் சொல்ல எனக்கே மறந்து போயிருந்துச்சுடே. அதான்."

அதன் பிறகு அவர் மெஸ்ஸுக்கு வராமல் இல்லை. எப்போதாவது வருவார். காப்பி குடிப்பார், எல்லாரையும் நலம் விசாரிப்பார், நேரத்தோடு கிளம்பிவிடுவார். கோட்டு போடுவதையும் விட்டுவிட்டார். டிராமில் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார். கல்கத்தா தைரியமாகத் தெருவில் நடமாடியது. ஒரு வேடிக்கை மனிதர் எல்லாரையும் போல ஆகிவிடுவதைப் பார்ப்பது அத்தனை கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. வெங்கட் தன் பிரதியை எந்தக் கடையில் வாங்கினானோ அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அதனால் எதுவும் சரியாகவில்லை.

ஆண்டுகள் ஓடின. புது நூற்றாண்டு பிறந்தது. கர்னல் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்ப ஹவுரா ஸ்டேஷனுக்கு மெஸ்ஸே திரண்டு போனது. மணி அண்ணன் புளியோதரை கட்டிக் கொடுத்தார். அக்கா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார். கர்னல் ஜன்னலோரம் கையை மடித்து உட்கார்ந்திருந்தார்.

வண்டி கிளம்பச் சிக்னல் விழுந்ததும், வெங்கட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திடீரென்று பேச ஆரம்பித்தான்.

"சார், அன்னைக்கு தீத்து கெணத்தடியில நின்னான்ல? அங்க தண்ணி கெடைச்சிடுச்சு சார். கேப்டனுக்குக் காய்ச்சல். தீத்துதான் தனியா ஓட்டிட்டுப் போறான்."

வாழ்க்கையில் ஒரு பொய்க் கணக்கைக்கூட விட்டு வைக்காத ஆள். வியர்த்து வழிந்தபடி, வார்த்தை கிடைக்காமல் திணறிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தான். கர்னல் அவனையே பார்த்தார்.

"குண்டு என்னடே ஆச்சு?"

"எடுத்தாச்சு சார். தூக்கிக் கடல்ல போட்டாச்சு. சண்டை முடிஞ்சு போச்சு. லீவு குடுத்துட்டாங்க. தீத்து இப்ப வீட்டுக்குப் போயிட்டு இருக்கான் சார். பாலைவனம் முடிஞ்சிடுச்சு. மலை ஏறுறான்."

வண்டி நகர்ந்தது. கர்னல் சட்டென்று ஜன்னலருகே குனிந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி வெங்கட்டின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மலையா? பைய ஓட்டச் சொல்லுடே. அவசரம் இல்லேன்னு சொல்லு. பைய வரட்டும்."

"சொல்றேன் சார்! சொல்றேன்!" வெங்கட் கத்திக்கொண்டே கூட ஓடினான். பிளாட்பாரம் முடிந்த இடத்தில் நின்று, முழங்காலில் கையை ஊன்றி அழுதான்.

அதன்பின் கர்னலை நாங்கள் பார்க்கவில்லை. ஊரில் இரண்டு மூன்று மழைக்காலம்தான் இருந்தாராம். அவர் காலமான தகவல் எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நாவலின் மீதிக் கதையை அவர் வாயால் கேட்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் வீட்டில் 'மெதுவா' என்போம். 'பைய' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் எந்த மலைப்பாதையில் டாக்ஸி ஏறினாலும், டிரைவரின் முதுகைப் பார்த்து என் வாயில் வருவது அந்தச் சொல்தான்: "பைய ஓட்டுங்க தம்பி, அவசரம் இல்லை."