ஒரு வாளிக் குப்பையும் பதினோரு வீடும்

நகரத்தின் சுற்றுச்சூழல் சீர்கெட்டதற்கு அடுப்பங்கரைகளே மூலகாரணம் என்று மேலிடத்தில் தீர ஆலோசித்துக் கண்டுபிடித்தார்கள். எங்கே உட்கார்ந்து ஆலோசித்தார்கள் என்று கேட்காதீர்கள், ஏ.சி. அறையில்தான். கையோடு 'இல்லந்தோறும் பசுஞ்சமையல்' என்றொரு திட்டம் பிறந்தது. வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள் பசுஞ்சமையல் சான்று காட்டினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று உத்தரவும் வந்தது.

செக்காலைத் தெருவில் கைமுறுக்கு சுற்றும் நாகவல்லிக்கு இதைக் கேட்டதும் சந்தோஷம்தான். மாதக் கடைசியோடு அவள் உரிமம் முடிகிறது. ஆவணியில் நேமத்தான்பட்டிக் கல்யாணம் ஒன்றுக்குச் சீர்ப் பலகாரம் மொத்தமும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். சான்று என்ன பெரிய சான்று? அவள் வீட்டுக் கழனித் தண்ணியும் காய்த்தோலும் பால்காரர் மருதுபாண்டியின் மாட்டுக்குப் போகும். தேங்காய் நார் பாத்திரம் தேய்க்க, சிரட்டை அடுப்பெரிக்க, சாம்பல் மறுபடியும் பாத்திரத்துக்கு. குப்பைக்கூடை என்ற பொருளே அந்த வீட்டில் கிடையாது. நமக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவார்கள் என்று இருந்தாள். பாவம், அரசாங்கப் படிவத்தை அவள் படித்ததில்லை.

'சமையலறைச் சூழல் கண்காணிப்பாளர் (பொறுப்பு)' பாண்டீஸ்வரன் தராசோடு வந்தார்.

"குப்பையக் கொண்டாங்கம்மா, எடை போடணும்."

"குப்பையே இல்லையே சார்."

"இல்லைன்னா எப்படி? எவ்வளவு குறைச்சிருக்கீகன்னு நான் எழுதணும். இருந்தாத்தானே குறைக்க முடியும்?"

"குறைக்க ஒண்ணுமே இல்லாமத்தானே சார் வச்சிருக்கேன்!"

"அதுதாம்மா தப்பு. பூஜ்யம்னு போட்டா கம்ப்யூட்டர் வாங்காது. 'ஒத்துழைக்க மறுத்தவர்'னு தானா விழுந்துரும். அப்புறம் உரிமத்தை மறந்துர வேண்டியதுதான். நாளைக்கு வாரேன், குப்பையோட இருங்க."

பக்கத்து வீட்டுத் தேவிகாவுக்கோ அன்றைக்கே பாராட்டுப் பத்திரம். தேவிகா புதிதாகப் பசுமைக்கு மாறியவள். சிரட்டைக் கரண்டி, மூங்கில் டம்ளர், தேங்காய் நார் பிரஷ் எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தாள். ஒவ்வொரு கரண்டியும் பிளாஸ்டிக் சுற்றி, தனித்தனி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, வடக்கே எங்கிருந்தோ லாரியேறி வந்தது. போன மாதம் அவள் வீட்டுக் குப்பை பன்னிரண்டு கிலோ, இந்த மாதம் எட்டு. "நாலு கிலோ குறைச்சிருக்காக!" என்று பாண்டீஸ்வரன் நெகிழ்ந்து போனார். நாகவல்லிக்கு வயிறு எரிந்தது. நாம் அடுப்பில் வைக்கிற சிரட்டையை இவள் விலைக்கு வாங்கிப் பத்திரமும் வாங்குகிறாளே!

ஆனால் தேவிகா நல்ல மனசுக்காரி. "எதுக்குக்கா கவலைப்படுறீக? எங்க வீட்டுக் குப்பை ஒரு வாளி தாரேன், காட்டிட்டுத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

சீனியும் உறைமோரும் இரவல் போகிற கொல்லைச் சுவர் வழியாக அன்று குப்பை இரவல் வந்தது. மேலாக ஒரு உடைந்த சிரட்டைக் கரண்டி. மறுநாள் பாண்டீஸ்வரன் எடை போட்டார். ஆறு கிலோ.

"இதுல ரெண்டு கிலோவ அங்குட்டு எடுத்து வைங்கம்மா."

எடுத்து வைத்தாள். மறுபடி எடை போட்டார்.

"பாத்தீகளா, குறைஞ்சிருச்சு! தினசரி ஆறு கிலோ குப்பை உண்டாகுதுன்னு இங்குட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். சான்று கைக்கு வந்தது. அந்தத் தெருவில் யாரும் இரவல் ஏனத்தை வெறுமனே திருப்புவதில்லை. அதனால் எடுத்து வைத்த இரண்டு கிலோவையும் வாளியிலேயே சேர்த்து, அதன்மேல் ஒரு தூக்குச்சட்டி முறுக்கும் வைத்துக் கொடுத்தாள்.

சேதி பரவாமல் இருக்குமா? வடகம் போடும் முத்தரசு வீடு, ஊறுகாய் போடும் மலையம்மாள் வீடு என்று தெருவில் இன்னும் பத்து வீட்டுக்குச் சான்று தேவைப்பட்டது. பாண்டீஸ்வரன் வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் வாளி கொல்லை வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஐந்தாவது வீட்டில் அவர் கரண்டியை உற்றுப் பார்த்தார். "இத எங்கேயோ பாத்திருக்கேனே" என்றார். மலையம்மாள் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்ததும் ஞாபகம் தப்பிவிட்டது.

பதினோரு வீடும் தினசரி ஆறு கிலோவுக்குக் கையெழுத்துப் போட்டுப் பச்சையாயிற்று. தெருவே சிரித்துக் கொண்டாடியது.

ஆவணி பிறக்கும் முன்னே நாகவல்லி வீட்டுக்கு எதிர்ப் பொட்டலில் மண்வெட்டும் இயந்திரம் வந்து நின்றது. ஊரிலேயே அதிகக் குப்பை உண்டாகும் தெரு இதுதான் என்று புள்ளிவிவரம் சொல்லிவிட்டதாம். அதைக் கௌரவிக்கும் விதமாக 'மாதிரிக் குப்பை சேகரிப்பு மையம்' திறந்தார்கள். தெருவில் குப்பை இல்லாததால் ஊர்க்குப்பையை லாரி லாரியாகக் கொட்டினார்கள். மருதுபாண்டியின் மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனது.

பின்னாடியே பாண்டீஸ்வரன் வந்தார். குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் தின்பண்டம் செய்யக்கூடாது என்று விதி. பதினோரு உரிமமும் ரத்து.

"அய்யோ, கல்யாணச் சீரு சார்! சொன்ன வாக்கு என்னாகிறது?" என்று நாகவல்லி அழுதேவிட்டாள். "எங்க வீட்டுல குப்பையே கிடையாது. உங்களுக்கே தெரியுமே!"

"எனக்குத் தெரியும்மா" என்றார் பாண்டீஸ்வரன், நிஜமான வருத்தத்தோடு. கோப்பைத் திறந்து அவள் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "ஆனா அத நீங்கதான் எழுத்து மூலமா மறுத்திருக்கீக."