தொழிற்சாலை வாசலில் எருக்கு நட்ட மாப்பிள்ளை

தோட்டக்கலை படித்தவனைத் தனியாக ஒரு வாசலில் விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கல்மண்டபத்துக்காரர். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். வேலையில்லாதவனுக்குப் பெண் கொடுக்க மனசு வராமல், மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து, கம்பெனி வாசலில் தோட்டம் போடும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "தோட்டம் ஷோக்கா வரட்டும் மாப்ள, அப்பறம் தட்ட மாத்திக்கலாம்" என்றார். ஆக, செடி பிழைத்தால்தான் எனக்குப் பெண்.

அந்த மண்ணில் செடி பிழைப்பது லேசா? ஒரு பக்கம் உப்புக் காற்று, மறு பக்கம் புகை, நடுவில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. எனக்கு முன்னால் வந்தவர் வைத்த ரோஜாக்கள் ஒரே வாரத்தில் கருகிப் போயின. (பாவம், அவர் முகமும்தான்.) நம் மண்ணின் செடியாக இருக்க வேண்டும், புகையைத் தாங்க வேண்டும், பூவும் பூக்க வேண்டும். யோசித்துக்கொண்டே நடந்தபோது, பக்கத்தில் மூடிக் கிடந்த மில்லில் அதைப் பார்த்தேன். எருக்கு! இலை முழுக்கத் தூசி, இருந்தும் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. அடடா, என் மூளையே மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, அங்கிருந்தே கன்றுகளைப் பெயர்த்து வந்து வாசலின் இருபுறமும் வரிசையாக நட்டேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் உள்ளே போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

"அந்த மில்லுல மூடுனப்பறம்தான் எருக்கு மொளைச்சுது. இங்க மூடறதுக்கு முன்னாடியே நட்டுட்டானுங்கடா!" என்று ஒருவர் கத்த, கம்பெனியை இழுத்து மூடப் போகிறார்கள் என்று ஒரே கூச்சல். மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். (இருந்திருந்தால் இதை ஏன் எழுதப் போகிறேன்?) ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, "பயப்படாதீங்க! இது ரொம்ப நல்ல செடி. தண்ணியே ஊத்த வேணாம். இங்க ஒரு ஆள் இல்லாட்டியும் ஜம்முனு வளரும்!" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் ஒரு செருப்பு என் காதோரம் பறந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமனார் வந்தார். "இன்னா வேல பண்ணி வச்சிகீற மாப்ள? உன் வூட்டு வாசல்ல எருக்கு மொளைக்கன்னு சண்டைல சாபம் உடுவாங்க. நீ குழி தோண்டி நட்டுகீறியே!"

"பிள்ளையாருக்கு மாலையா போடுறோமே மாமா..."

"சாமி கய்த்துல கீறது வேற. சோறு போடற எடத்துல வெக்கிறது வேறபா."

எல்லாவற்றையும் நானே பிடுங்கினேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமனாரோ பக்கத்தில் குந்தி, கூடவே பிடுங்கினார். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், "நம்ப வூட்டுப் பையன்தான், வெவரம் பத்தாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் பூவரசு வைத்தேன். அது பிழைத்தது. தட்டும் மாற்றினார்கள்.

இன்று எத்தனையோ தொழிற்சாலைகளுக்குத் தோட்டம் போடுகிறேன். ஆனால் எங்கள் பால்கனிக்கு ஒரு மல்லிகைத் தொட்டி வாங்கினால்கூட, மனைவி முதலில் அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போடுகிறாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, "ம், வெச்சிக்கோ" என்ற பிறகுதான் செடி உள்ளே வரும். அதுவரைக்கும் தொட்டியை கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான்.