மூன்று கால் ஸ்டாண்டும் நூற்றெட்டுச் சுற்றும்

பெயர் மகாராஜன். சங்கரன்கோவில் ரத வீதியில் பாத்திரக்கடை. அவர் பயப்படுவது இரண்டே பேருக்குத்தான். கோயிலில் கோமதி அம்மன், வீட்டில் மனைவி முருகம்மாள். போன ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இந்த இரண்டு பேரையும் ஒரே பொய்யில் ஏமாற்றத் துணிந்தார். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை.

ஒற்றைக்காலில் தவம் நிற்கும் அம்மனின் கால்வலியில் பங்கெடுக்க, கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவது ஊர் வழக்கம். கொடியேறிய அன்றைக்கே, முருகம்மாளின் மூட்டுவலி தீர ஆடிச்சுற்று நேர்ந்திருப்பதாக மகாராஜன் அறிவித்தார். அவள் கண் கலங்கிவிட்டது. அவரோ தினமும் சாயங்காலம் நேராக ஆஷிக் அலியின் கேமராக் கடைக்குப் போய் உட்கார்ந்தார். தன் புதுக் கேமராவில் வாசுதேவநல்லூர்க் குளத்தில் அவர் படமெடுத்த கொக்கெல்லாம் கை நடுக்கத்தில் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. ட்ரைபாட் என்ற மூன்று கால் ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது. கேமரா வாங்கியதற்கே மூன்று மாதம் ஏச்சு வாங்கியவர், இதை வீட்டில் எப்படிக் கேட்பார்?

கடையில் இரண்டு ரகம் இருந்தன. ஒன்றில் கிளிப்பைத் தட்டினால் கால் நீளும், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் 'டப்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வீட்டில் கேட்டால் தன் கதி என்னவென்று நினைத்தபோதே மகாராஜனுக்கு வேர்த்தது. இன்னொன்று திருகு ரகம், சத்தமே இல்லை. ஆனால் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. முருகம்மாளின் முகமும் அந்த ரகந்தான். எதை எடுப்பது என்று எட்டு நாள் திருகியும் தட்டியும் பார்த்தார். எட்டாம் நாள் கிளிப் அவர் விரலைக் கடித்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவரிடம் முருகம்மாள் கணக்குக் கேட்டாள். தினம் ஒன்பதாக எழுபத்திரண்டு சுற்று என்றார். பாவம் என்று எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்காலைத் தடவியவள் கை நின்றது.

"வெறுங்காலோட எழுவத்திரண்டு சுத்து. கால்ல ஒரு கொப்புளம் இல்ல. வெரல்ல என்ன ரத்தம் கட்டியிருக்கு?"

"கூட்டத்துல... யாரோ மிதிச்சிட்டாவ."

"கை வெரலயா?"

மகாராஜன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது நடுவீட்டில் ஒரு புது ட்ரைபாட் மூன்று காலையும் விரித்து நின்றது. கிளிப் ரகம்.

"இதுலதான் பூட்டியிருக்கா இல்லையான்னு பாத்ததும் தெரியுமாம். மூணு நாள் நின்னாலும் கால் எறங்காதுன்னு ஆஷிக் அலி சொல்லுதான்," என்றாள்.

மகாராஜனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அவள் அடுத்து வாய் திறக்கும்வரை நீடித்தது.

"கேமராவ இதுல மாட்டித் தாங்க. எட்டு நாளும் அவன் கடையிலதான் இருந்தீங்களாம். சுத்து மொதல்ல இருந்து. கோயிலுக்குள்ள கேமரா விடமாட்டாவ. அதனால ரத வீதி வழியா நடங்க, நான் கடைவாசல்ல வச்சு எடுக்கேன்."

மூன்றாம் நாள் சாயங்காலம், இருபத்தேழாவது சுற்றில், நொண்டிக்கொண்டே கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். ட்ரைபாட் ஒரு நூல்கூட இறங்கியிருக்கவில்லை. மனசு இளகாதா என்ற நப்பாசையில், மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த முருகம்மாள் காலை வீசி நீட்டி மடக்கிக் காட்டினாள்.

"வலி நீங்க நேந்த அன்னைக்கே போயிட்டு. அம்மன் சொல்லுக்கு நின்னுட்டா. நீங்க நடங்க."